104 ரூபாய் வேன்

2023 பொங்கலுக்கு முந்தைய வாரம். கரூர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், பத்துக்கு எட்டு அடியில் ஒரு ஃப்ளெக்ஸ் பேனர் கட்டப்பட்டது. ஒன்பது வயதுப் பையன் ஒருவனின் முகம். தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. வாயோரம் எச்சில் வழிந்திருந்தது. கீழே சிவப்பு எழுத்தில் ‘இந்தப் பிஞ்சுக்கு உங்களால் முடிந்த உதவி...’ என்று ஒரு வரி, ஒரு வங்கிக் கணக்கு எண்.

மறுநாள் காலை எட்டரை மணிக்குப் பையனின் அம்மா சிறப்புப் பள்ளியின் கேட்டில் வந்து நின்றார். ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் டெய்லர். அரை நாள் லீவு போட்டு வந்திருந்தார். உள்ளே வரவில்லை.

“நேத்து கம்பெனி பஸ்ல வாரப்போ பார்த்தேனுங்க டீச்சர். பஸ்ல இருந்த எல்லாரும் பார்த்தாங்க.”

படம் எடுக்கச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டது நீங்கள்தானே என்று கேட்க டீச்சர் வாயெடுத்தார். அதற்குள் அந்த அம்மாவே சொன்னார்: “கையெழுத்துப் போட்டேனுங்க, இல்லைங்கல. எம்பையன் வாயில எச்சில் ஒழுகறத ஊர் நடுவுல கட்டித் தொங்க விடுவீங்கன்னு தெரியாதுங்க.”

அன்றிலிருந்து பையன் வரவில்லை.

பேனர் செலவு 4,200 ரூபாய். ஒரு மாதத்தில் அந்தக் கணக்குக்கு வந்தது 3,400.

டீச்சருக்கு அப்போது 63 வயது. அரசுப் பள்ளியில் வேலை பார்த்தவர். ஊரில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, எல்லோருக்கும் டீச்சர்தான். மூளை வாதம், அறிவுத்திறன் குறைபாடு உள்ள குழந்தைகளுக்காக 2011-ல் ஒரு அறக்கட்டளை தொடங்கி, கரூருக்கு வெளியே வாடகை வீட்டில் பகல் நேரப் பள்ளி நடத்திவந்தார். 23 குழந்தைகள், இரண்டு சிறப்பாசிரியர்கள், வாரம் மூன்று நாள் வரும் ஒரு ஃபிசியோதெரபிஸ்ட், ஒரு ஆயா. பணம் எங்கிருந்து? பாதி டீச்சரின் பென்ஷன். மீதி, தெரிந்தவர்கள் கொடுப்பது.

கொடுப்பவர்களுக்கு நம் ஊரில் பஞ்சமே இல்லை. ஆனால், எதைக் கொடுக்கிறார்கள் என்பதில்தான் சிக்கல். பிறந்தநாள், கல்யாண நாள், அப்பாவின் திதி என்றால் மத்தியானச் சாப்பாடு வரும். ஒரே நாளில் மூன்று வீட்டுச் சாப்பாடு வந்து, சாம்பார் வாளிகளை அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துவிட்ட நாள்களும் உண்டு. பள்ளிக்கே விடுமுறையான ஞாயிற்றுக்கிழமை பிரியாணி வந்து நின்ற கதையை ஆயா இப்போதும் சொல்லிச் சிரிப்பார். ஃபிசியோதெரபிஸ்ட்டின் சம்பளத்தை என் பேரன் பிறந்தநாளுக்குத் தருகிறேன் என்று யாரும் வந்ததில்லை. டீசலுக்கு? அதைக் கேட்கவே வேண்டாம். சாப்பாடு போட்டால் புண்ணியம் கண்ணுக்குத் தெரிகிறது. டீசல் ஊற்றினால் என்ன தெரியும்?

அந்த டீசல்தான் பள்ளியின் உயிர். வாங்கல், புலியூர், வேலாயுதம்பாளையம் என்று வெவ்வேறு திசைகளில் இருந்த 14 குழந்தைகளை ஒரு பழைய வேன் கொண்டுவந்து கொண்டிருந்தது. 2022 நவம்பரில் கியர்பாக்ஸ் போனது. அந்த வண்டிக்கு இனிச் செலவு செய்வது வீண் என்று மெக்கானிக் கைவிரித்துவிட்டார். அடுத்த வாரமே வருகை 23-லிருந்து 10 ஆனது. பேனரில் வந்த பையன் மட்டும், தாத்தாவின் டிவிஎஸ்-50ல் முன்னால் உட்கார்ந்து வந்துகொண்டிருந்தான். பேனருக்குப் பிறகு 9.

நடக்கச் சிரமப்படும் குழந்தைக்குப் பள்ளி என்பது எழுத்துப் படிக்கும் இடம் மட்டும் கிடையாது. தசையை இழுத்து நீட்டிவிடும் பயிற்சி நின்றுபோனால், கெண்டைக்கால் மெல்ல மெல்ல இறுகும். ஒரு வாரத்தில் தெரியாது. மாதக்கணக்கில் போனால் குதிகால் தரையில் பதியாது. வீட்டில் இருக்கும் 13 குழந்தைகளுக்கும் இதுதான் நடந்துகொண்டிருக்கிறது என்பது டீச்சருக்குத் தெரியும். அந்தப் பதற்றத்தில் கட்டியதுதான் அந்த பேனர்.

பிப்ரவரியில் அவர் ஒரு பெரிய கம்பெனியின் தொழிற்சாலைக்குப் போனார். கையில் ஒரு கடிதம். ‘தங்கள் மேலான நிறுவனம் தங்களால் இயன்ற உதவியைச் செய்து...’ என்று தொடங்கி, ஒன்றரைப் பக்கம் தன் பள்ளியின் வரலாறு. கூடவே அந்த பேனரின் சிறிய பிரதி ஒன்று. சிஎஸ்ஆர் பிரிவில் இருந்த இளைஞர் எழுந்து நின்று வரவேற்று, தண்ணீர் கொடுத்து, கடிதத்தை முழுக்கப் படித்தார்.

“எவ்வளவு வேணும்ங்க மேடம்?”

“உங்களால முடிஞ்சது கொடுங்க தம்பி.”

“மேடம், எங்க ஃபார்ம்ல ‘முடிஞ்சது’ன்னு எழுத இடமே இல்லைங்க.”

பிறகு அவர் கேட்டதெல்லாம் டீச்சருக்குப் புதிது. 12ஏ பதிவு இருக்கிறதா? இருக்கிறது. 80ஜி? இருக்கிறது. சிஎஸ்ஆர்-1 எண்? அப்படி ஒன்றை அவர் கேள்விப்பட்டதே இல்லை. மூன்று வருடத் தணிக்கை அறிக்கை? ஆடிட்டரிடம் இருக்கும். எத்தனை குழந்தைகள், எந்தெந்த ஊர், ஒரு குழந்தைக்கு என்ன செலவு? அதற்கு டீச்சர் விரல் விட்டு எண்ணத் தொடங்கினார். கடைசியில் அந்த இளைஞர், இந்த நிதியாண்டுக்கான பணம் ஏற்கெனவே ஒதுக்கப்பட்டுவிட்டது, அடுத்த ஆண்டு முன்கூட்டியே வாருங்கள் என்று சொல்லி வாசல் வரை வந்து வழியனுப்பினார். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. பஸ்ஸில் திரும்பும்போதுதான் டீச்சருக்கு அழுகை வந்தது.

அந்த இளைஞர் தட்டிக் கழித்தார் என்று நினைக்கத் தோன்றும். அவர் கையைச் சட்டம் கட்டியிருக்கிறது. கம்பெனிகள் சட்டம் 2013-ன் 135-வது பிரிவு, 2014 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி, இதில் ஏதாவது ஒன்றைத் தொட்ட கம்பெனி, முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவிகிதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அந்தப் பணத்தை வாங்கிப் பணி செய்யும் அறக்கட்டளைகள், 2021 ஏப்ரல் 1 முதல் மத்திய அரசின் கம்பெனி விவகார அமைச்சகத்தில் சிஎஸ்ஆர்-1 படிவம் மூலம் பதிந்து எண் வாங்கியிருக்க வேண்டும். அந்த எண் இல்லாத இடத்தில் கொடுத்தால், கம்பெனி தன் கணக்கில் அதைக் காட்ட முடியாது. நல்ல மனது வேறு, கணக்கு வேறு.

சட்டத்தில் இன்னொரு வரியும் இருக்கிறது. தன் பொருளுக்கு விளம்பரம் கிடைக்கும் என்பதற்காக ஒரு கம்பெனி ஸ்பான்சர் செய்வது சிஎஸ்ஆர் கணக்கில் சேராது. பெரிய எழுத்தில் உங்கள் பெயரைப் போடுகிறோம் என்று ஆசைகாட்டும் அறக்கட்டளைகள் இதைக் கவனிப்பதே இல்லை.

மார்ச் மாதம், டீச்சரின் பழைய மாணவன் ஒருவன் பள்ளிக்கு வந்தான். கரூரில் வீட்டு உபயோகத் துணி ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசர். மகளின் பிறந்தநாளுக்குச் சாப்பாடு கொடுக்கலாமா என்று கேட்கத்தான் வந்தான். காலியாகக் கிடந்த வகுப்பறையைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டான். டீச்சர் நடந்ததையெல்லாம் சொன்னார். பேனரை மட்டும் கடைசியில் சொன்னார்.

அவன் கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டுச் சிரித்தான்.

“டீச்சர், நாங்க ஒரே கிச்சன் டவலத்தான் நாலு நாட்டுக்கு விக்கறோம். ஜெர்மனிக்காரன் முதல்ல ஓகோ-டெக்ஸ் சர்ட்டிஃபிகேட் எங்கம்பான். இன்னொருத்தன் விலையைக் கேப்பான், எந்தத் தேதியில கப்பல் ஏறும்னு கேப்பான். சின்னக் கடைக்காரனுக்கு, நெஞ்சவங்க யாரு, எந்த ஊருன்னு கதை வேணும். டவல் மாறாதுங்க. நாங்க எழுதற மெயில் மாறும். நீங்க எல்லாருக்கும் ஒரே லெட்டரக் குடுக்கறீங்க.”

“எனக்கு யாவாரம் தெரியாது கண்ணு.”

“ஒன்பதாவதுல கணக்கு வராத எனக்கு ஒரு மாதிரி, நல்லாப் படிக்கிறவனுக்கு ஒரு மாதிரிதானே டீச்சர் சொல்லிக் குடுத்தீங்க? அதேதானுங்க இது.”

அன்று மாலை 40 பக்க நோட்டு ஒன்றில் இரண்டு பேரும் எழுதினார்கள். முதல் பக்கத்தில் ஒரே கணக்கு. வாடகை வேன், டிரைவர், டீசல் சேர்த்து மாதம் 32,000 ரூபாய். 14 குழந்தைகள். மாதம் 22 வேலை நாள். வகுத்துப் பார்த்தால், ஒரு குழந்தை ஒரு நாள் பள்ளிக்கு வந்து வீடு திரும்ப 104 ரூபாய். டீச்சர் அந்த எண்ணைச் சுற்றி வட்டம் போட்டார். பன்னிரண்டு வருடமாகப் பள்ளி நடத்துகிறவருக்கு, இந்த எண் அன்றுவரை தெரியாது.

அடுத்தடுத்த பக்கங்களில், யார் யாரிடம் கேட்பது என்ற பட்டியல். ஒவ்வொரு பேருக்கு எதிரிலும் ‘இவருக்கு என்ன தெரிய வேண்டும்?’ என்று ஒரு கட்டம். அமெரிக்காவில் குடியுரிமை வாங்கிவிட்ட ஒரு பழைய மாணவி பணம் அனுப்புகிறேன் என்று சொல்லியிருந்தார். வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர் பணம் வெளிநாட்டு நன்கொடை. அதை வாங்க எஃப்சிஆர்ஏ அனுமதி வேண்டும், பள்ளிக்கு அது இல்லை. இந்திய பாஸ்போர்ட்டோடு துபாயில் இருப்பவர் தன் சம்பளத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அந்தச் சிக்கல் கிடையாது. ஆடிட்டரிடம் கேட்டு இதையும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். அமெரிக்க மாணவிக்கு டீச்சர் நன்றி சொல்லி, வேண்டாம் என்று எழுதினார். வேண்டாம் என்று எழுதிய முதல் கடிதம் அதுதான்.

இரண்டாவது ‘வேண்டாம்’ இதைவிடக் கடினமாக இருந்தது. புதிதாகத் திறக்கவிருந்த கடை ஒன்றின் உரிமையாளர், ஒரு வேனையே வாங்கித் தருவதாகச் சொன்னார். வண்டி முழுக்கக் கடையின் விளம்பரம் இருக்கும். அது பரவாயில்லை. திறப்பு விழா அன்று குழந்தைகள் கடைப் பெயர் போட்ட டி-ஷர்ட்டில் மேடையில் நிற்க வேண்டும், வீடியோ எடுத்துப் போடுவோம் என்றார். 14 குழந்தைகள் வீட்டில் இருக்கும்போது முழு வேனையே வேண்டாம் என்பதா? பள்ளியின் மற்ற இரண்டு அறங்காவலர்களும் டீச்சரிடம் கோபித்துக்கொண்டார்கள். ஒரு மணி நேரம் நின்னுட்டு வரப்போறாங்க, இதுல என்னங்க இருக்குது என்றார் ஒருவர். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது.

டீச்சர் கடைக்காரரிடம் திரும்பப் போய்ப் பேசினார். குழந்தைகள் வர மாட்டார்கள். வேனின் பின்பக்கம் ஒரு வருடத்துக்கு உங்கள் விளம்பரம், அதற்குப் பதிலாக டிரைவர் சம்பளம் மாதாமாதம். இது நன்கொடை கிடையாது, விளம்பரத்துக்கான விலை, அப்படியே ரசீது தருகிறோம் என்றார். கடைக்காரர் யோசித்துவிட்டுச் சரி என்றார். முழு வேன் கை நழுவியது. மாதம் 14,000 ரூபாய் நின்றது. வாடகை வேன் முதலாளியும் பின்பக்க விளம்பரத்துக்குத் தடை சொல்லவில்லை.

ஒரு பொருளின் விற்பனையையும் ஒரு பொதுக் காரியத்தையும் முடிச்சுப் போடுவது ஒன்றும் புதிதில்லை. 1983-ல் நியூயார்க் சுதந்திர தேவி சிலையைப் பழுதுபார்க்கப் பணம் திரட்டியபோது, அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் கம்பெனி தன் அட்டையை ஒவ்வொரு முறை பயன்படுத்தும்போதும் ஒரு சென்ட், புதிதாக ஒருவர் அட்டை வாங்கினால் ஒரு டாலர் என்று கொடுத்தது. மூன்றே மாதத்தில் 17 லட்சம் டாலர் சேர்ந்தது. அட்டைப் பயன்பாடும் கூடியது. அதற்கு 98 வருடங்களுக்கு முன்பே அதே சிலைக்கு இன்னொரு கதை உண்டு. 1885-ல் சிலையின் பீடத்தைக் கட்டி முடிக்கப் பணமில்லாமல் வேலை நின்றது. ஜோசப் புலிட்சர் தன் ‘தி வேர்ல்ட்’ பத்திரிகையில், எவ்வளவு சிறிய தொகை கொடுத்தாலும் கொடுத்தவர் பெயரை அச்சடிப்பேன் என்று அறிவித்தார். ஐந்து மாதத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒரு லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தார்கள். பெரும்பாலோர் கொடுத்தது ஒரு டாலருக்கும் குறைவு. புலிட்சரின் பத்திரிகை விற்பனையும் ஏறியது, அவர் ஒன்றும் சாமியார் இல்லை.

அவ்வளவு தூரம் போவானேன்? காமராஜர் முதல்வராக இருந்தபோது, கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை நடத்தினார். பள்ளிக்கு என்னென்ன தேவை என்று ஊர் ஊராகப் பட்டியல் போட்டுத்தான் மக்களிடம் கேட்டார்கள். பெஞ்சு, கடிகாரம், கரும்பலகை, மதிய உணவுக்கான தட்டு, டம்ளர். ‘முடிந்தது’ என்று கேட்கவில்லை.

மெர்ச்சண்டைசர் மாணவன் தன் கம்பெனி முதலாளியிடம் பேசி, தையல் பிரிவில் பேச நேரம் வாங்கித் தந்தான். அந்தக் கம்பெனி பங்குதாரர் நிறுவனம். 135-வது பிரிவு அதைக் கட்டுப்படுத்தாது. முதலாளி தன் பங்குக்கு ஒரு தொகை சொன்னார். டீச்சர் பணத்தைவிட அந்த 260 தொழிலாளர்களிடம் பேச அனுமதிதான் கேட்டார்.

முதல் முறை சொதப்பல். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் இருபது நிமிடம் பேசினார். வகுப்பெடுத்த பழக்கம். பாதிப் பேர் கை கழுவப் போய்விட்டார்கள், சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஒருவரும் பணம் கொடுக்கவில்லை. அடுத்த வாரம் சம்பளச் சனிக்கிழமை. இந்த முறை இரண்டே நிமிடம். “104 ரூபாய் குடுத்தா ஒரு குழந்தை ஒரு நாள் பள்ளிக்கூடம் வந்துட்டுப் போகும். நீங்க ஒரு தேதியச் சொல்லுங்க. அன்னைக்குச் சாயங்காலம் வேன் வந்துச்சா, எத்தனை பேர் வந்தாங்கன்னு உங்க போனுக்கு மெசேஜ் வரும். அவ்வளவுதாங்க.”

கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது. “புள்ளைங்க போட்டோ போடுவீங்களா?”

டீச்சருக்குக் குரல் அடையாளம் தெரிந்துவிட்டது. அந்தப் பையனின் அம்மா.

“போட மாட்டோம்மா.”

“எழுதிக் குடுப்பீங்களாங்க?”

நூறு பேருக்கு முன்னால், கையில் இருந்த வசூல் ரெஜிஸ்டரின் முதல் பக்கத்தில் டீச்சர் எழுதினார். ‘எந்தக் குழந்தையின் முகமும், பெற்றோர் பார்த்து, எங்கே வைக்கப்போகிறோம் என்று தெரிந்து சம்மதித்தால் தவிர, எங்கும் வெளியிடப்படாது.’ கீழே கையெழுத்து, தேதி. அந்த அம்மா முன்னால் வந்து படித்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் வரிசையில் நின்று 104 ரூபாய் கொடுத்தார்.

அந்தச் சனிக்கிழமை 61 பேர் கொடுத்தார்கள். 6,344 ரூபாய். ஜூன் மாதம் வாடகை வேன் ஓடத் தொடங்கியது. டிரைவருக்கான 14,000 கடைக்காரர் பணம், தொழிலாளர்கள் பணம், போதாததற்கு டீச்சர் பென்ஷன். ஆறு மாதத்தில், பக்கத்துக் கம்பெனிகளும் சேர்ந்து, மாதம் 170, 180 பேர் ஆனார்கள். பிறகு பென்ஷனில் கைவைக்க வேண்டியிருக்கவில்லை.

ஒவ்வொரு நாள் மாலையும் அன்றைய தேதிக்காரர்களுக்கு ஆயாதான் மெசேஜ் அனுப்புவார். ‘இன்று வேன் வந்தது. 13 பேர் வந்தார்கள்.’ ஜூலையில் ஒரு நாள் டயர் வெடித்து வேன் வரவில்லை. சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஆயா கேட்டார். டீச்சர் யோசித்துவிட்டு, ‘இன்று வேன் வரவில்லை. டயர் வெடித்துவிட்டது. உங்கள் 104 ரூபாய் நாளைக்கு’ என்று அனுப்பச் சொன்னார். பதில் மெசேஜ்கள் அதுவரை வந்ததே இல்லை. அன்று ஒன்பது பேர் பதில் போட்டார்கள். ‘புது டயர் எவ்வளவுங்க?’ என்று கேட்டிருந்தார் ஒரு செக்கிங் மாஸ்டர்.

எல்லாம் கூடிவந்ததுபோல் தெரியும். கூடிவராத ஒன்று இருந்தது.

அந்தப் பையன் ஆகஸ்டில்தான் திரும்பி வந்தான். ஏழு மாதம் வீட்டில் இருந்திருக்கிறான். தாத்தாவுக்குத் தெரிந்த அளவு காலை அழுத்திவிட்டிருக்கிறார். ஜனவரியில், கையைப் பிடித்துக்கொண்டால் குதிகாலைத் தரையில் வைத்து நாலு அடி நடப்பான். ஆகஸ்டில் விரல் நுனியில்தான் நின்றான். ஃபிசியோதெரபிஸ்ட் அவன் பாதத்தை மெல்ல மடக்கிப் பார்த்துவிட்டு டீச்சரை நிமிர்ந்து பார்த்தார். யாரும் பேசவில்லை. பழைய நிலைக்கு வருவானா என்று அம்மா கேட்டபோது, முயற்சி பண்ணலாம்ங்க என்றுதான் அவரால் சொல்ல முடிந்தது. 4,200 ரூபாய் பேனரின் முழுச் செலவு டீச்சருக்கு அன்றுதான் தெரிந்தது.

அக்டோபரில் அவர் மறுபடியும் அந்தப் பெரிய கம்பெனிக்குப் போனார். சிஎஸ்ஆர்-1 எண் இருந்தது, மூன்று வருடக் கணக்கு இருந்தது. கடிதம் ஒரே பக்கம். பள்ளி வரலாறு இரண்டு வரி. பழைய வேன் ஒன்று வாங்க 6,50,000 ரூபாய், அறக்கட்டளை பெயரில் பதிவாகும், ஓட்டும் செலவுக்கு யார் யார் பணம் தருகிறார்கள் என்ற பட்டியல். சிறப்புக் கல்வி, கம்பெனிகள் சட்டத்தின் ஏழாவது அட்டவணையிலேயே இருக்கிறது என்பதையும் எழுதியிருந்தார்.

அதே இளைஞர். தொழிலாளர்கள் ரெஜிஸ்டரைப் புரட்டிக்கொண்டே இருந்தார். வேன் வாங்கிக் கொடுத்தால் டீசலுக்குப் பணமில்லாமல் மூலையில் நிற்கும் என்பதுதான் இவர்களைப் போன்றவர்களின் பெரிய பயம். 104, 104, 104 என்று பக்கம் பக்கமாகக் கையெழுத்துகள் அந்தப் பயத்துக்குப் பதிலாக இருந்தன. கம்பெனியின் ஆண்டறிக்கைக்குக் குழந்தைகள் படம் வேண்டும் என்று அவரும் கேட்டார். டீச்சர் முதல் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். படித்துவிட்டு, “அப்போ வேன் படம் போதும்ங்க மேடம்” என்றார்.

பணம் இரண்டு தவணையாக, டிசம்பரிலும் பிப்ரவரியிலும் வந்தது. நடுவில் பயன்பாட்டுச் சான்றிதழ், பில், புகைப்படம் என்று ஆடிட்டரும் டீச்சரும் பட்ட பாட்டைச் சொன்னால் இன்னொரு கட்டுரை ஆகும். பஸ் பாடி கட்டும் ஊரில் இருந்துகொண்டு பழைய வேனை அப்படியே ஓட்டுவதா என்று ஒரு பட்டறைக்காரரிடம் போனார்கள். “எங்கிட்டப் பணம் மட்டும் கேக்காதீங்க டீச்சர். வண்டியக் கொண்டாந்து வுடுங்க” என்றார். பத்து நாளில் படியைத் தாழ்த்தி, இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்து, ஒவ்வொரு சீட்டுக்கும் பெல்ட், சக்கர நாற்காலியை மாட்ட இரண்டு கொக்கி என்று செய்து கொடுத்தார். ரசீது வேண்டுமா என்று கேட்டால், எதுக்குங்க என்றார். அந்தப் பட்டறையின் வெல்டர்களில் நான்கு பேர் இப்போது தேதி எடுத்திருக்கிறார்கள்.

கம்பெனிப் பணம் ஒரு முறை வந்தது. அடுத்த ஆண்டு வேறு மாவட்டத்துக்குப் போகலாம். கடைக்காரரின் விளம்பர ஒப்பந்தம் ஒரு வருடத்தோடு முடிந்தது, பாதித் தொகைக்குத்தான் புதுப்பித்தார். தீபாவளி மாதத்தில் தொழிலாளர்கள் பட்டியல் பாதியாகக் குறையும். டீச்சரின் நோட்டில் இவற்றுக்கென்றே ஒரு பக்கம் இருக்கிறது. அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் அவர் இரவில் தூங்கப் போவார், அல்லது தூங்காமல் படுத்திருப்பார்.

ஆண்டறிக்கைக்குப் படம் எடுக்க ஒரு நாள் குறித்தபோது, அந்த அம்மா தானே வந்தார். தன் போனிலேயே பத்துப் பதினைந்து எடுத்தார். அதில் ஒன்றைப் பொறுக்கி டீச்சரிடம் நீட்டினார். தாழ்ந்த படியில், ஸ்ப்ளின்ட் போட்ட இரண்டு சின்னக் கால்கள். கம்பியைப் பிடித்திருக்கும் ஒரு கை. இடது குதிகால் படியில் பதிந்திருந்தது, வலது அரை விரற்கடை மேலே நின்றது.

“இதைப் போட்டுக்கங்க டீச்சர்” என்றார்.

அன்று சாயங்காலம் ஆயா அனுப்பிய மெசேஜ்: ‘இன்று வேன் வந்தது. 12 பேர் வந்தார்கள். இரண்டு பேருக்குக் காய்ச்சல்.’